பவளத்துக்குப் பந்தி விசாரித்தவனுக்கு

மாப்ள,

நேற்றிலிருந்து சம்பந்தியம்மா மூஞ்சியைச் சுருக்கிக்கொண்டு கிடக்கிறது. விளக்கு எரிகிறது, பம்பு ஓடுகிறது, தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. ஆனாலும் ஒரு விரலைக்கூட வெளியே நீட்ட மாட்டேன் என்று கல்லுக்குள் ஒடுங்கிவிட்டது. நான் கண்ணாடித் தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட பெரிய மனுஷியைச் சமாதானப்படுத்த அனுப்பப்பட்ட ஆள் மாதிரி முழித்துக்கொண்டிருக்கிறேன்.

கோபத்துக்குக் காரணம் நான்தான். நேற்றுக் காலையில் முதல்முறையாகத் தொட்டிக்குள் கையை விட்டேன். ஏன் விட்டேன் என்பதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் சிரிப்பார்கள். ஊரைச் சிரிக்க வைத்து வாரப் பத்திரிகையில் பெயர் சம்பாதித்த எனக்கு, என்னைப் பார்த்து யாராவது சிரித்தால் மட்டும் தாங்காது. நீயும் சிரிப்பாய்தான். ஆனால் உன் சிரிப்பு இனிமேல் என் காதில் விழப்போவதில்லை என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

சம்பந்தியம்மா என்று அதற்குப் பெயர் வைத்தவனே நீதான். கல்லிலிருந்து பச்சை விரல்கள் கொத்துக் கொத்தாக நீண்டு, நுனியில் கொஞ்சம் தடித்து, தண்ணீரின் ஓட்டத்துக்கு ஆடும் பவளம் அது. அதை விற்ற சென்னைக் கடைக்காரர் அதற்குச் சுத்தியல் என்று அர்த்தம் வரும்படி ஒரு இங்கிலீஷ் பேர் சொன்னார். உனக்குப் பிடிக்கவில்லை.

"வீட்டுக்கு வந்தவுகள சுத்தியல், அருவாள்னா கூப்பிடுவாய்ங்க? என்ன மாப்ள மரியாதை இது?"

அந்த வாரம்தான் மேலூர் பக்கத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இரண்டாவது தடவை பாயசம் ஊற்றவில்லை என்று அந்த அம்மாள் இலையை மூடிவிட்டுப் போய் வேனில் உட்கார்ந்துகொண்டார். நீ போய் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் கெஞ்சி, கையில் பாயசக் கிண்ணத்தோடு நின்று, கடைசியில் சிரிக்க வைத்துக் கூட்டி வந்தாய். இப்போதும் அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, அது வேறு கதை. பாயசத்தோடு ஒரு வளையல் விவகாரமும் இருந்ததாகக் கேள்வி. அதை விடு. வீட்டுக்குத் திரும்பிய நீ, தொட்டியில் புதிதாக வந்த பவளம் ஒரு நிழல் விழுந்ததற்கே சுருங்கிக்கொண்டதைப் பார்த்தாய். "அடி ஆத்தி, இங்கயும் ஒரு சம்பந்தியம்மா!" என்றாய். பெயர் நிலைத்துவிட்டது.

பந்தி விசாரிப்பதில் உன்னை அடித்துக்கொள்ள மதுரையில் ஆள் கிடையாது. சிம்மக்கல்லில் கல்யாணப் பத்திரிகை அட்டை மொத்த வியாபாரம் செய்தவன் நீ. அட்டை வாங்க வருகிறவர்கள் பாதிப்பேர், அட்டையோடு உன்னையும் கேட்டுக்கொண்டு போவார்கள். "அண்ணே, நீங்க வந்து பந்தியில நின்னாப் போதும்ணே, எங்களுக்குக் கவலை இல்ல." நீயும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு போய், வரிசை வரிசையாக நடந்து, இலை இலையாகக் குனிந்து கேட்பாய். "மாமா, ரசம் போதுமா? அத்தை, என்ன அப்பளத்தை அப்படியே வெச்சிருக்கீங்க, நமுத்துப் போச்சா?" ஒருத்தர் எதைத் தொடவில்லை என்பதை ஓரக்கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய். போதும் போதும் என்று இலைக்குமேல் கையை மறைப்பவர்களின் விரல் இடுக்கில் ஜாங்கிரியைச் செருகுவாய். நான் எல்லாக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் உட்கார்ந்து அந்த உபசாரத்தை வஞ்சனையில்லாமல் அனுபவித்தவன். சாட்சி என் தொப்பை.

உனக்கும், நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி நீ பேசியதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. நம் ஊரில் எவ்வளவோ விஷயத்தை நோண்டித் துருவிய என் வாய் அந்த ஒரு இடத்தில் மட்டும் மூடியே இருந்தது. அதற்காவது நீ என்னைப் பாராட்டியிருக்கலாம்.

பவளம் வளர்க்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது, மோதிரத்தில் பதிக்கிற செம்பவளம் என்றுதான் நம் பழங்காநத்தமே நினைத்தது. "அது வளருமாய்யா? அப்ப தங்கத்தையும் ஒரு தொட்டியில போட்டு வளத்துரு" என்று எதிர்வீட்டுக்காரர் யோசனை சொன்னார். அது உயிருள்ளது, கடலடியில் கல்லைக் கட்டிக்கொண்டு கூட்டமாக வாழ்கிறது, பூ மாதிரி விரியும் என்று நீ விளக்கியதை யாரும் நம்பவில்லை. கடலே இல்லாத ஊரில், மாடி வீட்டில், கான்கிரீட் கூரைக்குக் கீழே, அக்னி நட்சத்திர வெயிலில் ஒருவன் கடலை உண்டாக்கப் போகிறான் என்றால் நம்புவார்களா?

இராமநாதபுரம் பக்கத்து ஆள் ஒருவன், கடலுக்குள்ளிருந்தே பெயர்த்துக் கொண்டுவந்து தருகிறேன் என்று ஆசை காட்டினான். "அது சட்டப்படி குத்தம். அதோட, பிடிச்சு இழுத்துட்டு வந்தவுகள நான் எப்படி உபசரிக்கிறது?" என்று அவனை அனுப்பிவிட்டாய். சென்னைக் கடைக்காரர் தன் தொட்டியிலேயே வளர்த்து வெட்டிய துண்டுகளைத்தான் வாங்கினாய். தேங்காய்ச் சில்லு அளவில், பிளாஸ்டிக் பைக்குள் தண்ணீரோடு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். பக்கத்து சீட்டுக்காரன் "என்ன சார், பிரசாதமா?" என்றானாம்.

வந்து இறங்கியதிலிருந்து உபசாரம் ஆரம்பித்தது. அதுதான் மாப்ள, இன்றைக்கு எழுதும்போதும் என் கை கூசுகிற இடம்.

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வருவாய். காபிகூடக் குடிக்க மாட்டாய். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு நேராகத் தொட்டிக்குள் கை. மேலே இருந்த கல்லைக் கீழே வைப்பாய். வெளிச்சம் பத்தவில்லை என்று மறுநாள் மேலே தூக்குவாய். தண்ணீர் அடிக்கிற பக்கம் ஒரு நாள், அடிக்காத பக்கம் ஒரு நாள்.

"மறுபடியும் இடம் மாத்திட்டியா மாப்ள?"

"மூலையில கிடந்தா ஓட்டம் வரலடா. வந்தவுகள மூலையில உக்கார வெச்சா நல்லாவா இருக்கும்?"

"நேத்துத்தான நடுவுல வெச்ச?"

"நேத்து முகம் சரியில்ல."

முகமே இல்லாத ஒன்றுக்கு முகம் சரியில்லை என்று கண்டுபிடிக்க உன்னால்தான் முடியும். இறாலை மிக்சியில் அரைத்து ஊசிக்குழாயில் எடுத்து ஒவ்வொரு கொத்தின் வாயிலும் வைத்து ஊட்டுவாய். தங்கச்சி கவிச்சி தொடாதவள். அந்த மிக்சி ஜாரைத் தீட்டுப் பட்டது மாதிரி தனியாகப் பின்கட்டில் கவிழ்த்து வைப்பாளே தவிர ஒரு வார்த்தை சொன்னதில்லை. சித்திரை மாதத்தில் தண்ணீர் சுடுகிறது என்று ஐஸ் பாட்டிலை மிதக்கவிடுவாய். பிறகு குளிர்ந்துவிட்டதோ என்று எடுப்பாய். எடுத்ததும் சுட்டுவிடுமோ என்று மறுபடி போடுவாய். உப்பு கூடிவிட்டது என்று நல்ல தண்ணீர், குறைந்துவிட்டது என்று உப்பு. தொட்டிக்குள் இருந்தவற்றின் நிலைமையை நினைத்துப் பார். ஒரு வாய் மெல்லுவதற்குள் நாலு பேர் வந்து நாலு கரண்டி ஊற்றினால் எந்த விருந்தாளிதான் தாங்குவான்?

ஒவ்வொன்றாக வெளுத்தன. சதை கரைந்து வெள்ளை எலும்பு மாதிரி கல் மட்டும் மிஞ்சும். அதைத் தூக்கிப் போட மனம் வராமல் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வைத்தாய். துணி காயப்போட வருகிறவர்கள் "என்ன இது, பல் செட்டா?" என்பார்கள்.

உன் மச்சினன் மகளின் காதுகுத்து ஞாபகம் இருக்கிறதா? மண்டபத்திலிருந்து கூட்டமே உன் வீட்டுக்குப் பவளம் பார்க்கக் கிளம்பி வந்துவிட்டது. மாடிப்படி அதிர, சந்தனமும் குங்குமமுமாக முப்பது நாற்பது பேர் அந்தச் சின்ன ஹாலுக்குள் நின்றார்கள். நீ விளக்கைப் போட்டாய். அத்தனை சத்தத்துக்கும் ஆட்டத்துக்கும் ஒன்றுவிடாமல் எல்லாம் சுருங்கிக்கொண்டன. பழுப்பும் சாம்பலுமாக உருண்டை உருண்டையாக நின்றன. பெரியவர் ஒருவர், தலையில் டோப்பா வைத்திருப்பாரே அவர்தான், கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, களிமண்ண நனைச்சு வெச்சிருக்க?" என்றார்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். நீ மட்டும், பந்தியில் சொல்வாயே அதே குரலில், "கொஞ்சம் கூச்ச சுபாவம் மாமா. புது ஆளுகளப் பாத்தா அப்படித்தான். இருங்க, காபி சாப்பிட்டுட்டு மெதுவாப் பாக்கலாம்" என்று சமாளித்தாய். அத்தனை பேருக்கும் காபி கொடுத்தாய். கடைசிவரை ஒன்றும் விரியவில்லை. நாங்கள் படியிறங்கும்போது உன் காது மடல் சிவந்திருந்ததைப் பார்த்தேன். அதற்கப்புறம் யாரையும் நீ மேலே கூப்பிடவில்லை.

நீ போன அன்று தொட்டியில் உயிரோடு இருந்தது கொஞ்சம்தான். சம்பந்தியம்மாவிடம் இரண்டே இரண்டு தலை, அதாவது விரல் கொத்து. அதுவும் முழுசாக விரிந்து நீ பார்த்ததில்லை. கடையில் அட்டைப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மார்வலி என்று உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து, தங்கச்சி சோழவந்தானில் இருக்கிற அவள் அண்ணன் வீட்டோடு போவதென்று முடிவானது. போகிறதுக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, இந்த மோட்டார் சத்தம் கேட்டாலே அவரு ஹாலுல நிக்கிற மாதிரி இருக்கு. நீங்க எடுத்துட்டுப் போயிருங்கண்ணே" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் ஒரு ரோஜாச் செடியைக்கூட நான் காப்பாற்றியதில்லை என்பது உனக்குத் தெரியும். குப்பைத்தொட்டிக்கு அனுப்புகிற வழியில் என் வீட்டில் ஒரு மாசம் இருக்கட்டும் என்ற எண்ணத்தில்தான் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு தெரு தள்ளிக் கொண்டுபோனோம். அந்தத் தண்ணீரையும் கேன் கேனாகப் பிடித்துக் குட்டியானை வண்டியில் ஏற்றினோம். தெருவில் தண்ணீர் வந்து வாரக்கணக்காகியிருந்த நேரம். கேன்களைப் பார்த்ததும் ஒரு அம்மாள் குடத்தோடு ஓடி வந்தார்.

"எங்கண்ணே கிடைச்சுது தண்ணி? ஒரு குடம் ஊத்திட்டுப் போங்க."

"இது உப்புத் தண்ணிம்மா."

"எங்க போருல மட்டும் எளநியா வருது? ஊத்துங்கண்ணே, பரவால்ல."

நீ இருந்திருந்தால் ஊற்றியிருப்பாய். நான் வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டேன்.

என் வீடு தரைத்தளம். பழைய தடித்த சுவர்; மே மாதத்திலும் குகை மாதிரி இருக்கும். அங்கே கொண்டுபோய், வண்டிக்காரரைக் கொண்டே கல்லையெல்லாம் அடுக்கவைத்து, சென்னைக் கடைக்காரருக்குப் போன் போட்டு, "ரொம்பக் குறைஞ்ச வேலை எது, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டேன். வற்றுகிற தண்ணீருக்கு நல்ல தண்ணீர் ஊற்று, அவ்வப்போது கொஞ்சம் உப்புத் தண்ணீர் மாற்று, விளக்குக்கு டைமர் போட்டுவிடு என்றார். அவ்வளவுதான் செய்தேன். கையை உள்ளே விடவில்லை. பக்தியோ கட்டுப்பாடோ இல்லை, அருவருப்பு. கல் இடுக்கில் மயிர் மயிராகக் கால் வைத்த புழு ஒன்று நெளிந்ததைப் பார்த்த நாளிலிருந்து அந்தத் தண்ணீர் என் ஜென்மத்துக்கு ஆகாது என்று முடிவு செய்துவிட்டேன். பக்கக் கண்ணாடியில் பாசி படர்ந்தது, துடைக்கவில்லை. இறால் அரைக்கவில்லை. முகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

மாப்ள, எல்லாம் விரிந்தன.

முதலில் பட்டன் மாதிரி இருக்கிற பவளங்கள் கல்லைவிட்டு அடுத்த கல்லுக்குப் பரவின. காளான் மாதிரி இருப்பவை தட்டளவுக்கு அகன்றன. ஒரு நாள் பேப்பர் படித்துக்கொண்டே நிமிர்ந்தால், சம்பந்தியம்மா விரல்களை எல்லாம் முழுசாக நீட்டி, கச்சேரி கேட்கிற மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது. இரண்டு தலை நாலானது, நாலு இன்னும் பிரிந்தது. இப்போது ஒரு காலிஃபிளவர் அளவுக்கு இருக்கிறது. நீ உயிரைக் கொடுத்தும் வராதது, நான் சோம்பேறித்தனத்தைக் கொடுத்ததும் வந்துவிட்டது.

இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது, சொல். ஆனால் ஊர் விடுமா? பார்த்தவர்கள் பத்துப் பேரிடம் சொல்ல, என்னைப் "பவள அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று, "உங்க டெக்னிக் என்ன சார்?" என்று கேட்கிறார். உன்னைக் களிமண்காரனாக்கிய அதே டோப்பா பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "கைராசிடா உனக்கு" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கைராசியாம், கையையே விடாதவனுக்கு. அந்தத் தட்டல் இன்னும் தோளில் அரித்துக்கொண்டே இருக்கிறது. பத்திரிகைக்காரர், பவளம் வளர்ப்பது எப்படி என்று ஒரு கட்டுரை கேட்டார். "ஒன்றும் செய்யாதீர்கள்" என்று முதல் வரி எழுதினேன். உன்னைக் குறைசொல்லி எழுதியது மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன்.

போன வாரம் தங்கச்சி போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை மதுரைக்கு வாரேண்ணே. மதினியப் பாத்து நாளாச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அந்தக் கல்லெல்லாம் இருக்கா, செத்துருச்சா?" என்றாள்.

இருக்கும்மா, என்றேன். நல்லா இருக்கு என்று சொல்ல வரவில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வந்து அந்தக் காலிஃபிளவரைப் பார்ப்பாள். என்ன செய்தீர்கள் என்று கேட்பாள். ஒன்றும் செய்யவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? 'உன் புருஷன் தினம் தினம் ஓடி ஓடிக் கவனித்தானே, அதுதான் அத்தனையையும் கொன்றது' என்று அர்த்தம். தாலியைக் கழற்றி ஒன்றரை வருஷம் ஆன ஒருத்தியிடம் அதை எந்த வாயால் சொல்வது?

என் வீட்டுக்காரி என் முழியைப் பார்த்துவிட்டு, "செத்துப் போச்சுன்னு சொல்லத்தான் மனுஷன் முழிப்பான். நல்லா இருக்குன்னு சொல்ல முழிக்கிற ஆளை இப்பத்தான் பாக்கேன்" என்றாள். நேற்று, ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் மார்க்கெட்டுக்குக் கிளம்பியதும் எனக்கு ஒரு யோசனை. நல்ல யோசனை ஒன்றும் எனக்கு வருவதில்லை என்பது உனக்குத் தெரியும். சட்டைக் கையை மடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே விட்டேன்.

சம்பந்தியம்மாவைத் தூக்கினேன். அத்தனை விரலும் ஒரே நொடியில் உள்ளே போய்விட்டது. பெரிய கல்லுக்குப் பின்னால், பாசிபடர்ந்த மூலையில், தங்கச்சி கண்ணில் படாதபடி கொண்டுபோய் வைத்தேன். காது குத்தும் இடத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் மாதிரி மூச்சு வாங்கியது. சட்டை முழுக்க ஈரம். கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டுக்கு மேல் தடித்துச் சிவந்து அரிக்க ஆரம்பித்தது. அது கொட்டும் என்று நீ சொல்லவே இல்லையே!

என் வீட்டுக்காரி திரும்பிய சூட்டோடு, தங்கச்சி ஒரு கவுளி வெற்றிலைக் கட்டோடு வந்தாள். இளைத்திருக்கிறாள். நேராகத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். பட்டன்களையும் காளான்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பரவால்லையே. எல்லாம் உசுரோட இருக்கு. சம்பந்தியம்மா?"

"அது... பின்னாடி இருக்கும்மா. அதுக்குக் கொஞ்சம் முடியல."

அவள் வெற்றிலையை என் கையில் கொடுத்தாள். கொடுத்தவள் கையை எடுக்காமல் குனிந்து என் மணிக்கட்டைப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

"உள்ள கைய விட்டீங்களாண்ணே?"

நான் வெற்றிலையைப் பார்த்தேன்.

"அவருக்கும் இப்படித்தான் தடிக்கும். எத்தன சோப்புப் போட்டாலும் கடல் வாசம் போகாது. அந்தக் கையோடதான் சாப்பிட உக்காருவாரு." என் வீட்டுக்காரியைப் பார்த்து, "மதினி, தேங்கா எண்ணெ இருந்தா எடுத்தாங்க" என்றாள்.

பிறகு சுவரில் கன்னத்தை ஒட்டி வைத்துப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். பாசிக்கு நடுவில் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

"ஏண்ணே... இதா அது? எம்புட்டுத் தல! நான் குடுத்தப்ப ரெண்டுதான இருந்துச்சு?"

தயாராக வைத்திருந்த பேச்சை ஆரம்பித்தேன். பவளத்தொட்டி என்றால் கொஞ்ச வருஷம் ஊற வேண்டும், கல்லெல்லாம் பக்குவப்பட வேண்டும், அவன்தான் அத்தனையும் பக்குவம் செய்து வைத்தான், பலன் இப்போதுதான் வருகிறது, எல்லாம் அவன் உழைப்பு என்று மூச்சுவிடாமல் சொன்னேன். முழுப்பொய் இல்லை மாப்ள, சென்னைக் கடைக்காரரும் பாதி அப்படித்தான் சொன்னார். ஆனால் நான் சொன்ன வேகத்தில் உண்மைகூடப் பொய் மாதிரிதான் கேட்டது.

"சரிண்ணே. நீங்க என்ன செஞ்சீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். "உங்க அண்ணன் என்னத்தச் செய்வாரு? இந்த வீட்டுக்கு என்ன செய்யிறாரோ அதத்தான் அதுக்கும் செஞ்சாரு."

தங்கச்சி சிரித்தாள். நீ போனபிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரிப்பு அடங்க நேரமானது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இதத்தான் மறைச்சீங்களா? எனக்குத் தெரியும்ணே."

"என்னம்மா தெரியும்?"

"கைய விடக்கூடாதுன்னு. சென்னைக் கடைக்காரரு ஒருநா போன் பண்ணாரு, இவரு கடையில இருந்தாரு. 'அவரக் கைய வெளிய எடுக்கச் சொல்லுங்கம்மா, வேற ஒரு பிரச்சினையும் இல்ல'ன்னாரு. சரின்னு வெச்சுட்டேன். இவருகிட்ட சொல்லல."

"ஏம்மா?"

அவள் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஊருல இருக்கிற அத்தன கல்யாணத்துக்கும் பந்தி விசாரிச்சாரு. எல்லாம் அடுத்தவுக வீட்டுப் பந்தி. நம்ம வீட்டுப் பந்தின்னு ஒண்ணு போட எங்களுக்கு யாரு இருக்காண்ணே? சாயங்காலம் வந்து கைய விட்டு, 'வந்தவுகளுக்கு வசதியா இருக்கா'ன்னு கேப்பாரு பாருங்க, அப்ப மூஞ்சி எப்படி இருக்கும் தெரியுமா? சொல்லிருந்தா அன்னைக்கே கைய எடுத்திருப்பாரு. அதுக்கப்புறம் சாயங்காலத்துக்கு அவருக்கு என்ன இருக்கு?"

என் வீட்டுக்காரி எண்ணெயைத் தடவுவதை நிறுத்திவிட்டாள்.

"பாவந்தான்ணே. அதுவும் உசுருதான. ஒவ்வொண்ணா வெளுக்கும்போது எனக்கு மொட்டமாடிக்குப் போகவே கூசும். ஆனாச் சொல்லல."

மாப்ள, உலகத்தில் எனக்கு மட்டும்தான் அந்த ரகசியம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, அவளைக் காப்பாற்றுவதற்காக, கொட்டு வாங்கி, திருடன் மாதிரி ஒளித்து வைத்தேன் பார். அவள் அந்த ரகசியத்தோடு உன் பக்கத்தில் நின்று, வருஷக்கணக்காக மிக்சி ஜாரைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறாள். ஊர் ரகசியம் எல்லாம் என் நாக்கு நுனியில் என்று மார் தட்டுகிறவன், இரண்டு தெரு தள்ளி இருந்ததைப் பார்க்காமல் உன் வீட்டில் காபி குடித்துவிட்டு வந்திருக்கிறேன். கடைசியில், "எடுத்து முன்னாடி வெச்சுரட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"வேணாம்ணே! தொடாதீங்க!" பதறிப்போய் எழுந்தாள். "அங்கனயே இருக்கட்டும். கோபம் தீந்து அதுவா விரியட்டும். நான் அடுத்த மாசம் வந்து சுவத்தோரமா எட்டிப் பாத்துக்கிறேன். முழுசா விரிஞ்சு நானும் பாத்ததில்ல."

வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள்.

அவள் உன்னிடம் சொல்லாமல் காத்த விஷயத்தை நான் ஒரே நாளில் உனக்கு எழுதிவிட்டேன். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாதா? கோபித்துக்கொள்ளாதே. அவளிடமும் கோபித்துக்கொள்ளாதே.

இப்போது எதிரே உட்கார்ந்திருக்கிறேன். மூலையில் அது இருட்டில் கிடக்கிறது. வெளிச்சம் பத்தாதோ, ஓட்டம் வராதோ, இன்னும் ஒரு விரற்கடை இந்தப் பக்கம் நகர்த்தினால் சௌகரியமாக இருக்குமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. எழுந்து போய் மூடியைத் தூக்குகிறேன். மறுபடி வைத்துவிட்டு வந்து உட்கார்கிறேன். சாயங்காலம் ஆனால் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்பது இன்றைக்குத்தான் எனக்குப் புரிகிறது. நீ கையை விட்டாய், உனக்கு அது கொடுத்து வைத்திருந்தது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் வந்து பார்க்கிறவரை நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

சும்மா இருப்பது எனக்குப் பிறவிக் குணம். இத்தனை நாள் கூசாமல் இருந்தேன். இனிமேல் கூசிக்கொண்டே இருக்கிறேன், மாப்ள.